மொச்சைக் காலத்தில் மோல்மீன்

ஜனவரி 12, ஞாயிறு – யாங்கோன்

சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸ் தின்று வளர்ந்தவர்கள் யாங்கோனில் இறங்கியதும் முதலில் அத்தோவைத்தான் தேடுவார்கள். நானும் அப்பாவும் அந்த வேலைக்குப் போகவில்லை. கையால் பிசைந்து தருகிற பதார்த்தங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நூடுல்ஸ், புளிக்கவைத்த தேயிலை, இஞ்சி, தக்காளி, பம்பளிமாஸ் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. வறுத்த கடலைமாவு, பூண்டு காய்ச்சிய எண்ணெய், இறால் கருவாட்டுப் பொடி, எலுமிச்சை எல்லாம் போட்டு நம் கண்முன்னே பிசைந்து தட்டில் கொட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸும், முட்டைக்கோஸும், புளித்தண்ணியும் சேர்ந்த நம்ம ஊர்த் தட்டு எங்கேயும் கண்ணில் படவில்லை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் வடசென்னையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய சாப்பாடு அது என்பது என் கணிப்பு. ஒப்பேற்றியது என்பதால் ருசி குறைந்துவிடவில்லை.

காலையில் மொஹிங்கா சாப்பிட்டோம். கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு வதக்கிக் குழம்பாக்குகிறார்கள். கெட்டிப்படுவதற்கு வறுத்த அரிசி மாவோ கடலைமாவோ சேர்ப்பார்கள். உள்ளே வாழைத்தண்டு வில்லைகள் கிடக்கின்றன. மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி, அவித்த முட்டை, மொறுமொறு பருப்பு வடைத் துண்டு, சுரைக்காய் பஜ்ஜி, கொத்தமல்லி என்று அடுக்கித் தருகிறார்கள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது அத்தோ கடை சூப்புதானே" என்றார். அதேதான். நம் ஊரில் அத்தோவோடு கிண்ணத்தில் ஊற்றித் தருகிற வாழைத்தண்டு சூப் இந்த மொஹிங்காவின் வாரிசு. மீன் மட்டும் வழியில் கழன்றுவிட்டது.

சரி, வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பத்தா, அதாவது அப்பாவின் அம்மா, பொங்கலன்று ஒரு மொச்சை வைப்பார். புளி கிடையாது, தேங்காய் கிடையாது, மசாலாப் பொடி கிடையாது, கடுகுகூடத் தாளிக்க மாட்டார். வெங்காயம், பூண்டு, மஞ்சள், உப்பு, மேலே மிதக்க மிதக்க கடலையெண்ணெய், அவ்வளவுதான். எங்கள் அம்மா வீட்டார் சிவகங்கைப் பக்கம். பொங்கலுக்கு வந்தால் இலையில் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன கொழம்பு, பத்தியமா?" என்பார்கள். அப்பத்தா பதில் சொல்ல மாட்டார், இன்னொரு கரண்டி வைப்பார். அவர் போனபிறகு அம்மா வைக்கிறார். ஒவ்வொரு வருடமும் அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா அம்மா கை வரல. ஏதோ ஒண்ணு கூடுது" என்பார். கூடுவது என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

அப்பத்தா பர்மாவில் மோல்மீன் என்ற ஊர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். தாத்தா அங்கே மளிகை வைத்திருந்தார். 1963, 64இல் கடைகள் அரசுடைமை ஆனபோது லட்சக்கணக்கில் இந்தியர்கள் கப்பலேறினார்கள். 1964 மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. கையில் காசிருந்தவர்கள் நிலையே அப்படி என்றால், வயலை நம்பி இருந்த குடும்பங்களுக்குக் கப்பலேறவும் வழியில்லை. அப்பத்தாவின் தம்பி அப்படித் தங்கிப்போனவர். அவருடைய மகன், எனக்கு மாமா முறை, முதோன் போகும் சாலையில் ஒரு ஊரில் இருக்கிறார். ஆறு வயதில் கப்பலேறிய அப்பா இப்போதுதான் திரும்ப வருகிறார்.

சாயங்காலம் அனௌரதா சாலைக் காளி கோயிலுக்குப் போனோம். 1871இல் தமிழர்கள் கட்டியது. தீபாராதனை முடிந்து பக்கத்திலிருக்கும் தெயிஞ்சி சந்தைக்குள் நுழைந்தோம். மஞ்சள், மிளகாய், ஏலக்காய் வாசனைக்கு நடுவே உளுந்து மூட்டைகள் அடுக்கியிருந்தன. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வருவது. எங்கள் வீட்டு இட்லியின் பாதி உயிர் இந்த மண்ணுடையதாகத்தான் இருக்கும்.

ஜனவரி 13, திங்கள் – ரயில்

மோல்மீனுக்குப் பகல் முழுக்க ரயில். பேருந்து சீக்கிரம் போகும், ஆனால் அப்பாவுக்கு ரயில்தான் வேண்டும். முறத்தில் போட்டுப் புடைப்பது போல ஆட்டுகிறது. பையை மேலே வைத்தால் மடியில் விழுகிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை குறையில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் பெண்கள் தலையில் தட்டோடு ஏறுகிறார்கள். அவித்த காடை முட்டை, இறால் பதித்த வடை, தர்பூசணிக் கீற்று, மூங்கில் குழாயில் வேகவைத்த ஒட்டரிசிச் சோறு. மூங்கிலை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துத் தந்தார் ஒரு அம்மா. ஜன்னலுக்கு வெளியே அறுத்து முடித்த வயல். சில வயல்களில் நெல் தாளுக்கு நடுவே பயறு முளைத்திருந்தது. பெரிய வெள்ளாமை முடிந்ததும் ஈரம் காய்வதற்குள் பயறு விதைத்துவிடுகிறார்கள். அப்பா சித்தௌங் ஆற்றுப் பாலத்தில் முழித்துக்கொண்டார், சாயங்காலம் தன்ல்வின் பாலம் வந்தபோது தூங்கிப்போனார். அது 2005இல் திறந்தது. அவர் காலத்தில் ரயில் மார்த்தபானோடு நின்றுவிடும், அங்கிருந்து படகில்தான் மோல்மீன். எழுப்பிப் பார்த்தேன். "படகு எங்க?" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய் – போகி

மாமா விடிகாலையிலேயே விடுதிக்கு வந்துவிட்டார். கட்டம் போட்ட லுங்கி, நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை. "வாங்க மச்சான்" என்று அப்பாவின் கையைப் பிடித்தவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. நேராகச் சந்தைக்கு அழைத்துப் போனார்.

மோல்மீன் பெரிய சந்தை ஆற்றையொட்டி இருக்கிறது. 1826க்குப் பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1852 வரை கீழ் பர்மாவில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. அந்தக் காலத்திலிருந்தே தமிழர்கள் இங்கே உண்டு. சந்தையில் என்னை நிறுத்தியது அதெல்லாம் இல்லை, காய்கறிதான். பொங்கலுக்கு இலையில் என்னென்ன வேண்டும் என்று அப்பத்தா விரல்விட்டு எண்ணுவாரோ, அத்தனையும் குவித்துக் கிடந்தது. பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, கத்தரி, வாழைக்காய், அவரை. அவரைக்குப் பக்கத்தில் பச்சை மொச்சைக் காய். நாம் அவரை என்றும் மொச்சை என்றும் பிரித்துச் சொன்னாலும் செடி ஒரே இனம். குளிர் காலத்தில் பூத்துக் காய்ப்பது. அங்கேயும் தை, இங்கேயும் தை. விசா இல்லாமல் கடல் தாண்டுகிற விஷயம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

ஒரு வீசை மொச்சைக் காய் வாங்கினார் மாமா. இங்கே வீசைக் கணக்குதான், ஏறத்தாழ 1.6 கிலோ. அதோடு இரண்டு கட்டு புளிச்சக்கீரை, மூங்கில் குருத்து, ஒரு பொட்டலம் பனை வெல்லம். பனை வெல்லம் பாகான் பக்கத்து வறண்ட பூமியிலிருந்து வருகிறது. பர்மாக்காரர்கள் சோறு தின்றபிறகு அதில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெறும் தேநீர் குடிக்கிறார்கள். ஙாப்பி விற்கிற வரிசையில் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார். மீனோ இறாலோ உப்பில் ஊறி நொதித்த விழுது, பழகாதவர்களுக்கு அந்த வாடை அடிவயிற்றைப் பிரட்டும். மாமா சிரித்தார். "மச்சான், அஞ்சு வயசுல நீங்க அத தொட்டுக்கிட்டு மாங்கா தின்னுருக்கீக."

வீடு தேக்குப் பலகை வீடு. கொல்லையில் கறிவேப்பிலை, தென்னை, பாக்கு, அதைத் தாண்டினால் ரப்பர் தோட்டம். தூரத்தில் முதோனில் சாய்ந்து படுத்திருக்கும் மிகப் பெரிய புத்தர் சிலையின் தலை தெரிகிறது. உள்ளே முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன புத்தர். அத்தை எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்புட்டீகளா?" இரண்டாவது கேள்வி கிடையாது, தட்டு வந்துவிட்டது.

மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து மொச்சை உரித்தோம். மாமாவின் பேத்திக்கு வயது பத்து. பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் வள்ளி. கோயிலில் லீவு நாட்களில் தமிழ் சொல்லித் தருகிறார்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். உரித்துக்கொண்டே அத்தையிடம் அப்பத்தா மொச்சை பற்றிச் சொன்னேன். புளி இல்லை, தேங்காய் இல்லை என்று நான் அடுக்க அடுக்க அத்தையின் புருவம் ஏறிக்கொண்டே போனது. "புளி இல்லாம மொச்சையா? எங்க மாமியா அப்படி வச்சு நான் பாக்கலயே, கண்ணு."

அப்பத்தாவின் சொந்தத் தம்பி வீட்டிலேயே அந்தச் சமையல் கிடையாது! அப்பா என்னைப் பார்த்தார், நான் மொச்சையைப் பார்த்தேன்.

ஜனவரி 15, புதன் – பொங்கல்

நாலரை மணிக்குப் பனியில் முற்றம் கூட்டி, மாக்கோலம் போட்டு, மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டியாகிவிட்டது. குளிரும் நம் ஊர் மார்கழிக் கடைசிக் குளிர் அளவுக்குத்தான். அரிசி போன மாதம் அறுத்த புதுநெல். பர்மா அரிசியில் பௌசான் என்று ஒன்று புகழ்பெற்றது, 2011இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது. "அது வெல கூடுன அரிசி. விருந்தாளிக்குச் சோறு வடிக்கலாம், பொங்கலுக்கு நம்ம வயல் அரிசிதான்" என்றார் மாமா. சாமிக்குச் சொந்த வயல் அரிசி, விருந்தாளிக்கு விலை அரிசி. எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

முதலில் பொங்குவது பசும்பால், அப்புறம் தேங்காய்ப்பால். பசும்பால் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கிடைக்காது. பர்மிய விவசாயிகள் மாட்டை உழவுக்கு வளர்ப்பார்கள், கறப்பது வழக்கமில்லை. தேநீர்க் கடைகளில் டின் பால்தான். அதனால் சர்க்கரைப் பொங்கலில் பாதிக்குமேல் தேங்காய்ப்பால். பனை வெல்லம் போட்டதால் நிறம் கறுத்து, புகைவாசம் லேசாக ஏறி, நான் இதுவரை தின்ற சர்க்கரைப் பொங்கலிலேயே இதற்குத்தான் முதலிடம் தருவேன். நெய்யில் முந்திரி மிதக்கும் கோயில் பொங்கல்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அத்தையின் மொச்சைக் குழம்பை நின்று பார்த்தேன். மல்லி, மிளகு, சீரகம், மிளகாய் வறுத்து உரலில் இடித்த பொடி. பழுத்த புளி. சின்ன வெங்காயம் முழுசு முழுசாக. கத்தரிக்காய், வாழைக்காய், பரங்கி, சர்க்கரைவள்ளி எல்லாம் சேர்ந்து, கடைசியில் தேங்காய் அரைத்து ஊற்றி, கறிவேப்பிலையைக் கொத்தாகக் கிள்ளிப் போட்டு இறக்கினார். எங்கள் அம்மாச்சி பொங்கலுக்கு வைப்பாரே, அட்சரம் பிசகாமல் அந்தக் குழம்பு. சொல்லப்போனால் அதைவிடப் பழைய குழம்பு. அம்மாச்சி இப்போது கடைப் பொடி போடுகிறார், அத்தைக்கு அப்படி ஒரு பொடி விற்பதே தெரியாது.

இலை போட்டு உட்கார்ந்ததும் அப்பா பேச்சை எடுத்தார். அத்தோ, மொஹிங்கா, கவுசுவே நூடுல்ஸ், சுரைக்காய் பஜ்ஜி என்று வீட்டில் எதற்கெடுத்தாலும் அப்பத்தா பர்மா சாப்பாடு சமைத்ததையும், தெருவில் எங்களுக்குப் 'பர்மாக்கார வீடு' என்று பெயர் வந்ததையும் சொன்னார். மாமா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க எங்கள 'கலா வீடு'ங்கிறாங்க மச்சான், இந்தியாக்காரன் வீடுன்னு. நாங்க அறுபது வருசமா கொழம்ப மாத்தல. அத்த அங்க போயி பர்மாக் கொழம்பு வச்சுருக்கு. அங்கிட்டு இருக்கவுகளுக்கு இங்கிட்டு நெனப்பு, இங்கிட்டு இருக்கவுகளுக்கு அங்கிட்டு நெனப்பு."

அத்தை குறுக்கே விழுந்து, "நெனப்பாவது, பொழப்பத்த பேச்சு. ரசம் ஊத்தவா?" என்றார்.

ஜனவரி 16, வியாழன் – மாட்டுப் பொங்கல்

மாமா வீட்டில் இரண்டு உழவு மாடு. கொம்புக்குச் சாயம், கழுத்துக்குப் பூ. வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டு மோன் இனத்துக் குடும்பம் வந்திருந்தது. அவர்கள் வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். முகத்தில் தனாக்கா மரப்பட்டை விழுது பூசி, சுருட்டுப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பேச்சோடு பேச்சாக வள்ளியை விட்டு மொச்சையைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். அவள் பர்மியத்தில் கேட்டு முடிப்பதற்குள் பாட்டி சிரித்துவிட்டார். "பெஜீ நா?" வீட்டுக்கு ஆளனுப்பி ஒரு கிண்ணம் எடுத்துவரச் சொன்னார். நேற்று மீந்தது.

அப்பா விரலால் தொட்டு நக்கினார். ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தை என்னிடம் தரவும் இல்லை.

பெஜீ நா என்பது பர்மா முழுக்க வீட்டுச் சமையலில் இருப்பது. மோன் பாட்டி வீட்டு அடுப்படியில் மத்தியானம் உட்கார்ந்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு படி காய்ந்த மொச்சையை ராத்திரி முழுக்க ஊறவைக்கிறார்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இதில் பாட்டி கண்டிப்பு. நம் ஊரிலும் அப்படித்தான், காய்ந்த மொச்சையில் இருக்கும் வேண்டாத சரக்கு அதோடு போகும். புதுத் தண்ணீரில் நசுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வேகவைக்கிறார்கள். தனிச் சட்டியில் கடலையெண்ணெய், நாம் ஊற்றுவதைப் போல மூன்று பங்கு. பெரிய வெங்காயம் ஐந்தாறு மெல்லிசாக நறுக்கி, மஞ்சள் தூளோடு போட்டு, அடுப்பைத் தணித்துவிடுகிறார்கள்.

அதற்கப்புறம்தான் சமையலே. வெங்காயம் நிறம் மாறிக் குழைந்து, நீர் வற்றி, எண்ணெய் ஓரமாகப் பிரிந்து மேலே வர வேண்டும். பர்மாவில் எந்தக் குழம்புக்கும் இந்த எண்ணெய் பிரிவதுதான் கணக்கு. அதுவரைக்கும் பாட்டி சுருட்டுப் பிடித்தார், அண்டை வீட்டு வம்பு பேசினார், எழுந்திருக்கவில்லை. பிரிந்தபிறகு நசுக்கிய பூண்டு, வெந்த மொச்சை, உப்பு. ஒரு சொட்டு மீன் சாறு. மூடிவைத்து மொச்சை எண்ணெயைக் குடிக்கும்வரை சிறு தீ. காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம், மத்தியானம் சோற்றுக்கும் ஆகும்.

அப்பத்தா மீன் சாறு ஊற்றியதில்லை. பொங்கல் அன்றைக்குச் சைவம் என்பதாலா, சென்னையில் அது கிடைக்காததாலா, அவர்தான் சொல்ல வேண்டும். மற்றபடி இதுதான் அது.

மோன் பாட்டிக்கு அப்பத்தாவை நினைவிருக்கிறது. கல்யாணமாகி டவுனுக்குப் போவதற்கு முன்னால் இந்த அடுப்படியில்தான் பாதி நேரம் இருப்பாளாம். அப்பத்தாவைவிட இவர் சின்னவர், அக்கா என்று கூப்பிட்டுப் பின்னாலேயே திரிந்திருக்கிறார். அப்பத்தாவின் அம்மாவுக்கு இது பிடிக்காது, 'அவுக வீட்டுல ஙாப்பி புழங்குது' என்று திட்டுவாராம். திட்டை மட்டும் தமிழிலேயே சொல்லிக் காட்டினார் பாட்டி.

முப்பது வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் அத்தை இன்றைக்குத்தான் அதை முதன்முதலாக வாயில் வைத்தார். நிதானமாக மென்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பொங்கலுக்கு எலையில வைக்க முடியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புளிச்சக்கீரை கிள்ளப் போய்விட்டார். அந்தக் கீரையை மட்டும் பர்மா முறையில்தான் வைக்கிறார். மூங்கில் குருத்து, இறால் கருவாடு, பச்சை மிளகாய் போட்டு எண்ணெயில் வதக்கல். கேட்டால், "இது எங்க வீட்டுக் கீர" என்கிறார். எங்கே கோடு கிழிப்பது என்பது அத்தைக்குத்தான் தெரியும், நான் வாதம் செய்யவில்லை.

ஜனவரி 17, வெள்ளி – மோல்மீன்

ஊருக்குக் கிளம்புகிறோம். பெட்டியில் லப்பே என்கிற புளிக்கவைத்த தேயிலை, பனை வெல்லம், மாமா வலுக்கட்டாயமாகத் திணித்த இரண்டு லுங்கி. ஙாப்பிக்கு அப்பா சம்மதிக்கவில்லை, விமானத்தில் குப்பி உடைந்தால் யார் பதில் சொல்வது என்கிறார். அது நியாயம்தான்.

காலையில் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பக்கத்தில் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, மாமாவோடு தேநீர்க் கடையில் இருக்கிறார் என்றேன். இதை அவர் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

"எண்ணெய் பிரியிற வரைக்கும் வதக்குறதெல்லாம் சரி. நானும் அப்படித்தான் செய்றேன். ஒங்க அப்பத்தா நின்னு சொல்லிக் குடுத்ததுதானே."

"அப்புறம் என்னம்மா கூடுது?"

"கொஞ்சூண்டு புளி. கொட்டப்பாக்கு அளவு. எனக்குப் புளி இல்லாம மொச்ச எறங்காது. நீ பாட்டுக்கு அவர்கிட்ட சொல்லிட்டுத் திரியாத."